அளவுகோலும் கள்ளாமையும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. விரதத்தை முற்றும் முறிக்காமல் மாசுபடுத்தும் குற்றங்களை அதிசாரங்கள் என்பர். கள்ளாமைக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் காட்டியுள்ளார். திருட்டுக்குப் பிறரைத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசின் முறைமையை மீறுதல், குறைத்தும் மிகுத்தும் அளத்தல், நல்ல சரக்கோடு போலிச் சரக்கைக் கலந்து விற்றல் என்பன அவை. இவற்றுள் நான்காவது குற்றம் வணிகர்க்கே உரியது என்று நம்மில் பலரும் எண்ணி வந்துள்ளோம். படியும் மரக்காலும் தராசும் கையாள்பவர் அஞ்சவேண்டிய குற்றம் அது. வயலும் பள்ளிக்கூடமும் அலுவலகமும் தொழிலிடமாகக் கொண்ட நமக்கு அதனால் என்ன என்று எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் அளப்பவன் வணிகன் மட்டும் அல்லன். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் அளக்கிறார். இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வெளியே நிற்கலாம் என்று பட்டியல் எழுதும் அலுவலரும் அளக்கிறார். பிள்ளைகளின் அறிவை அளக்கும் கோல் கோணலாக இருப்பின் அது கள்ளாமைக்கு மாசு ஆகுமா? இவ்வினாவை விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து இங்கே ஆராய விரும்புகிறோம்.

விருதுநகரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுக் காலம் மாநிலத்தின் முதலிடத்தை விடாது வைத்திருந்த மாவட்டம் அது. மே மாதத்தில் தேர்வு முடிவு வெளியாகும்போதெல்லாம் செய்தித்தாள்கள் அம்மாவட்டத்தின் பெயரை முதலில் அச்சிடுவது வழக்கமாகவே இருந்தது. அதே மாவட்டத்தைத்தான் 2018ஆம் ஆண்டில் நடுவண் அரசின் நிதி ஆயோக், நாட்டில் பின்தங்கி நின்று முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும் ஆகிய இரண்டே. தேர்ச்சியில் முதலிடம் பெற்ற ஊர் வாழ்க்கையில் கடைநிலையில் வைத்து எண்ணப்படுகிறது என்றால், தேர்ச்சி என்னும் அளவுகோல் எதை அளந்து வந்தது என்று கேட்கத்தானே வேண்டும்?

நம் சமயத்தார்க்கு அம்மண் புதியதும் அன்று. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி விளங்கியதைக் கல்வெட்டுகள் கூறும். மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிச் சமணர் மலையில், வெண்பு நாட்டுக் குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர், அவர்தம் மாணாக்கர் எனத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலையிலோ குரத்தியரும் ஆசிரியராக இருந்து மாணாக்கர்க்குக் கற்பித்த செய்தி பாறையில் எழுதப்பட்டுள்ளது. யார் யாரிடம் கற்றார் என்பதையே அக்கல்வெட்டுகள் விரும்பிச் சொல்கின்றன. யார் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. எக்காலத்தும் சேர்க்கப் பெறாதவர்க்குக் கல்வெட்டு இல்லை.

இனி, பொருளுக்கு வருவோம். தமிழக அரசு 2021-22ஆம் கல்வியாண்டில் பத்து மாவட்டங்களில் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கிப் பின்னர் 38 மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. அரசுப் பள்ளிகளிற் பயில்வோருள் சிலரைத் தெரிந்தெடுத்து, ஓரிடத்தில் தங்கவைத்து, உணவும் உறையுளும் நூலும் கொடுத்து, நாட்டின் முதன்மையான உயர்கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்துதல் இவற்றின் நோக்கம். இந்தியத் தொழில்நுட்பக் கழகம் என்னும் பெயரையே கேள்விப்படாத இல்லங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே சென்று சேர்ந்திருக்கிறார்கள். இதனைக் குறைவாக மதிப்பிடுவோர் அந்தப் பெற்றோரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும். எனினும் கல்வியாளர் சிலர் இப்பள்ளிகளைக் கண்டித்தும் உள்ளனர். அரசுப் பள்ளி மாணவருக்குள்ளேயே மேல், கீழ் என்று பிரிப்பது எவ்வகை நீதி என்பது அவர்தம் வினா. இடமோ சில நூறு. நாடுவோரோ பல ஆயிரவர். எவ்வகையில் தெரிந்தெடுத்தாலும் பெரும்பாலோர் வெளியில்தான் நிற்பர். ஆகவே தெரிவு முறை நேரியதா என்னும் கேள்வி விடாது பின்தொடரும்.

நடுவண் அரசின் நவோதயா பள்ளிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் விளைவாக அவை எழுந்தன. மொழிக் கொள்கை காரணமாகத் தமிழகம் அவற்றை ஏற்கவில்லை; 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இசைவாகத் தீர்ப்பளிக்க, அதே ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மொழிச் சிக்கல் நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தேர்வு வைத்து ஆறாம் வகுப்பில் சேர்ப்பது அப்பள்ளிகளின் முறை என்பதும், இடங்களில் முக்கால் பங்கேனும் நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கே உரியது என்னும் விதி அவற்றில் உண்டு என்பதும் மட்டுமே நமக்கு வேண்டுவன. அவ்விதியைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

ஒரு வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்த முறை. இதனினும் நேர்மை வேறு உண்டோ என்பார் உளர். இவர் கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பரிந்துரைக் கடிதத்துக்கும் சாதிக்கும் பணத்துக்கும் தலை வணங்காத ஒன்று உண்டென்றால் அது எண் இட்ட விடைத்தாள்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே மேலேறினர். பெயர் தெரியாத கையால் திருத்தப்படுவதைப் போன்ற அபயதானம் ஏழைக்கு வேறில்லை என்று கூடச் சொல்லலாம்.

ஆயினும் ஓர் ஐயம். விருதுநகர் பருத்திக்கும் மிளகாய் வற்றலுக்கும் எண்ணெய் வித்துக்கும் பெயர்பெற்ற சந்தை. அங்கே நெடுநாள் வணிகம் செய்தவரைக் கேட்டால் சொல்வார்: தராசு நேராக இருந்துவிட்டால் மட்டும் நிறை நேராகிவிடாது. இரவில் பனியில் கிடந்த வற்றல் மூட்டை காலையில் கனம் கூடியிருக்கும். தராசு பொய் சொல்லவில்லை. அது காட்டும் எண்ணில் வற்றலும் உண்டு, நீரும் உண்டு. வாங்குபவர் கையை விட்டுப் பார்த்து ஈரத்தைக் கழித்தே விலை பேசுவார். ஈரத்தைக் கழிக்காமல் விலை கொடுப்பவரை நேர்மையாளர் என்று எவரும் புகழார். தொழில் தெரியாதவர் என்பர். ஈரம் என்று தெரிந்தும் அதை வற்றல் விலைக்கு விற்பவரை என்னவென்று சொல்வது என்பது நம் சூத்திரத்திலேயே இருக்கிறது.

வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தாய் பட்டாசு ஆலைக்குச் செல்கிறாள். குழாய்க்குத் திரி வைப்பதோ சரம் பின்னுவதோ அவள் வேலை. செய்த எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. தீபாவளிக்கு முன் மூன்று மாதம் பொழுது விடியுமுன் ஆலை வண்டி வந்துவிடும். அம்மாதங்களில் தம்பிக்குச் சோறு பொங்குவதும் தண்ணீர் பிடிப்பதும் அப்பெண்ணின் பொறுப்பு. இன்னொரு பிள்ளை நகரத்தில் இருக்கிறான். அவனும் அரசுப் பள்ளிதான். ஆனால் தந்தை அரசு ஊழியர், மாலையில் தனிப்பயிற்சி, ஐயம் கேட்க வீட்டிலேயே ஆள். இவள் 62 மதிப்பெண், அவன் 71 மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது மதிப்பெண்ணில் எத்தனை வற்றல், எத்தனை ஈரம்? பயிற்சிக் கூடங்கள் தருவதெல்லாம் போலிச் சரக்கு என்று கூறுவதற்கில்லை. அங்கும் பிள்ளைகள் உழைத்தே கற்கிறார்கள். ஆனால் வாங்கிய உதவியைப் பிறவித் திறமை என்று எடை போடும்போது ஏதோ ஒன்று கலந்து விற்கப்படுகிறது என்பதை மறுக்கவும் இயலவில்லை.

நம் ஆகமம் இதனை நுட்பமாகவே சொல்கிறது. உயிர் அனைத்தும் அனந்த ஞானத்தை இயல்பாக உடையவை. ஓர் உயிர்க்கும் மற்றோர் உயிர்க்கும் அறிவில் காணும் வேற்றுமை, ஞானாவரணீயம் என்னும் மறைப்பின் கனத்தால் வருவதே. உள்ளிருக்கும் ஒளியில் வேற்றுமை இல்லை. ஒன்று விளைவதற்கு உபாதானம் ஆகிய உட்காரணமும் வேண்டும். நிமித்தம் ஆகிய புறக்காரணமும் வேண்டும். விதையில் வீரியம் இருந்தும் மழை இல்லையேல் முளை இல்லை. மதிப்பெண் என்பது உபாதானமும் நிமித்தமும் கலந்த விளைவு. நாம் தேடுவது விதையின் வீரியத்தை. அளப்பதோ பயிரின் உயரத்தை. மழை பெய்த வயலையும் பொய்த்த வயலையும் பயிரின் உயரம் கொண்டே ஒப்பிட்டு விதையைப் பழிக்கும் உழவர் நம்மூரில் எவரும் இலர்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். நம்மவர் வாயிலிருந்தே எழும். மறைப்பு அவரவர் வினையால் வந்தது எனில், ஆலைக்காரி வீட்டில் பிறந்ததும் அவள் வினைப்பயன் தானே, அதை நாம் ஏன் ஈடு செய்ய வேண்டும் என்பர். வினைக் கொள்கையைப் பிறர் துன்பத்துக்கு விளக்கமாகக் கூறிவிட்டுத் தம் வழியே செல்வோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. இது வழுவுள்ள வாதம். முதலாவது, பிறர் வினையை அறியும் ஞானம் நமக்கு இல்லை. அதைக் கேவலிகளே அறிவர். இரண்டாவது, எச்செயல்களால் ஞானாவரணீயம் ஒருவர்க்கு வந்து கட்டுகிறது என்று அதே தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கிறது. அறிவின்பால் வெறுப்பு, அறிந்ததை ஒளித்தல், கற்பிக்க மனமில்லாத பொறாமை, பிறர் கற்பதற்கு இடையூறு செய்தல் ஆகியவை அதில் அடங்கும். பிறருடைய கல்விக்கு இடையூறு செய்தவர்க்கே அந்த வினை ஒட்டுகிறது. எனவே வாயிலில் நிற்கும் பிள்ளையின் பழைய வினையைக் கணக்கிடுவதைவிட, வாயிலைக் காப்பவர் தமக்குப் புதிதாக என்ன வினை சேர்கிறது என்று கணக்கிடுவதே தகும்.

அறிவுடையோர் கண்ட முறைகளும் எப்போதும் நேராக இருந்தன என்று கூற இயலாது. நம் பவணந்தி முனிவரின் நன்னூலைத் தமிழுலகம் முழுவதும் படிக்கிறது. அதன் பொதுப்பாயிரத்தில், நூல் கற்பிக்கத் தக்கவர் யார் என்னும் பட்டியல் ஒன்று உண்டு. ஆசிரியன் தன் மகன், தன் ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன் ஆகியோரை முன்னே வைத்து, சொன்னதைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையவனைக் கடைசியில் வைக்கிறது அப்பட்டியல். பிறப்பு, பதவி, பணம், பணிவு, அதன் பிறகே திறமை! அக்காலத்து நடைமுறையை மறைக்காமல் எழுதியிருக்கிறது என்று அதற்காக நன்றி சொல்வோம். இக்காலத்திலும் நன்கொடை என்னும் பெயரால் நான்காம் வகையாரும், பரிந்துரை என்னும் பெயரால் மூன்றாம் வகையாரும் எத்தனையோ பள்ளிகளுக்குள் நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தேர்வு என்னும் கருவி இவர்களை விலக்கித் திறமையாளனை முன்னே கொணர்ந்தது. ஆகையால் தேர்வை ஒழி என்பது நம் கருத்தன்று. ஈரத்தைக் கழி என்பதே.

எப்படிக் கழிப்பது? கழிக்க முயன்றோர் பலர் உளர். அம்முயற்சிகள் ஒரே தரத்தன அல்ல.

முதலாவது, நாட்டுப்புறத்தார்க்கு இடம் ஒதுக்குதல். நவோதயா பள்ளிகளின் விதி அத்தகையது. நோக்கம் நன்று. ஆனால் நாட்டுப்புறம் என்பது ஒரே தன்மையது அன்று. சிவகாசியைச் சுற்றிய ஊர்களில் ஆலை உரிமையாளர் பிள்ளையும் நாட்டுப்புறத்தான். ஆலைக்குச் செல்பவள் பிள்ளையும் நாட்டுப்புறத்தாள். அந்த ஒதுக்கீடு யார் கைக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பயின்ற பள்ளியைக் கொண்டு ஒதுக்குதல். தமிழகத்தில் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் வழங்கிற்று. ஓய்வுபெற்ற நீதியரசர் கலையரசன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி வந்த சட்டம் அது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை, முதல் ஆண்டிலேயே பல் மருத்துவத்தையும் சேர்த்து நானூறைக் கடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் இம்முறை விரிந்தது. தேர்வை நீக்காமல், தேர்வுக்கு முன் நின்ற இடத்தையும் கணக்கில் எடுத்தமை இதன் சிறப்பு. ஆனால் மாதிரிப் பள்ளிச் சேர்க்கைக்கு இது உதவாது. ஏனெனில் அங்கே நாடுவோர் அனைவரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே.

மூன்றாவது முறையே நம் மனத்துக்கு இசைவாகத் தோன்றுகிறது: ஒவ்வொரு பிள்ளையையும் அவள் அமர்ந்த தரையில் அமர்ந்தவரோடு ஒப்பிடுதல். இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாநிலம் முழுமைக்கும் ஒரே தரவரிசை இடுவதில்லை. வருவாய் மாவட்டம் ஒவ்வொன்றிலும் ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியர் என்று தனித்தனியே தெரிந்தெடுத்து ஒன்பதாம் வகுப்பு முதல் உதவித்தொகை தருகின்றனர். மதிப்பெண் குறைந்த மாவட்டத்துப் பிள்ளை, மதிப்பெண் மிகுந்த மாவட்டத்துப் பிள்ளையோடு மோத வேண்டியதில்லை. இதனை இன்னும் கீழே இறக்கி, ஒன்றியத்துக்கு இத்தனை, பள்ளிக்கு இத்தனை என்று வைத்தால் என்ன?

கடல் கடந்த நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் வட்டாரத்தில் தாமஸ் ஜெஃபர்சன் பெயரால் அறிவியல் உயர்நிலைப் பள்ளி ஒன்று 1985 முதல் நடைபெறுகிறது. நாற்புறத்தும் உள்ள திறமையாளரைக் காந்தம்போல் ஈர்ப்பதால் இவ்வகைப் பள்ளிகளைக் காந்தப் பள்ளிகள் என்றே அங்கே அழைப்பர். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அப்பள்ளி தன் கடுமையான நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, வட்டாரத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் எட்டாம் வகுப்பு மாணவருள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்னும் பங்கை உறுதி செய்தது. அதற்கு முன் அங்கே நூற்றில் ஒருவர் கூட இல்லாத வறிய குடும்பத்துப் பிள்ளைகள், அடுத்த ஆண்டிலேயே நாலில் ஒரு பங்காயினர். ஆனால் ஆசிய வழியினரின் பங்கு நூற்றுக்கு 73 என்பதிலிருந்து 54 ஆகக் குறைந்தது. இந்தியக் குடும்பங்கள் பலவும் அவ்வினத்தில் அடங்கும். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2022இல் கீழ் நீதிமன்றம் புதிய முறையைச் செல்லாது என்றது. 2023இல் மேல் நீதிமன்றம் செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

அந்தப் பெற்றோரின் மனக்குறையை நாம் இகழ்ந்து பேச மாட்டோம். பத்து வயதிலிருந்து ஒரு பிள்ளை ஆயத்தம் செய்கிறான். விதி இதுதான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவன் அந்த விதிப்படி உழைத்தான். கடைசி ஆண்டில் விதியை மாற்றினால் அவனிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டதாகத்தான் அவனுக்குத் தோன்றும். கொடுக்கப்படாததை எடுப்பதுதானே களவு? ஆகையால் எந்த முறையானாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும், இடையில் மாற்றலாகாது. இந்த அளவில் அவர் பக்கம் நீதி உண்டு. ஆனால், முன்னே இருந்த இடங்கள் எல்லாம் அவர்க்கே கொடுக்கப்பட்டவை என்று கொள்ள முடியாது. பொதுப்பணத்தால் நடக்கும் பள்ளியில் இடம் என்பது எவர்க்கும் முன்கூட்டியே சொந்தமானதன்று. சொந்தமில்லாத ஒன்று தம் கைக்கு வராமற் போவதைக் களவு என்றல் கூடாது.

அநேகாந்தம் என்றாலே இவரும் சரி, அவரும் சரி என்று தலையாட்டுவது என்று சிலர் எண்ணுகின்றனர். அது சோம்பலுக்கு இட்ட அழகிய பெயர். எந்த நயத்தால் நோக்கினால் எது உண்மை என்று வரையறுத்துச் சொல்வதே அநேகாந்தம். பிள்ளைகள் இத்தனை நாள் கற்றது எவ்வளவு என்னும் நயத்தால் நோக்கினால் 71 பெரிது. இனி அவர்கள் கற்கக்கூடியது எவ்வளவு என்னும் நயத்தால் நோக்கினால் 62 பெரிதாக இருக்கலாம். பரிசு கொடுப்பவர் முதல் நயத்தைக் கொள்ளட்டும், அதுவே முறை. பள்ளியோ பரிசு அன்று. கற்பிப்பதற்காக ஏற்பட்டது பள்ளி. ஆகவே அது இரண்டாம் நயத்தையே கொள்ளக் கடமைப்பட்டுள்ளது. இவ்வாறு நோக்கினால் இவ்விடத்தில் இரு தரப்பும் சமம் அல்ல என்பது புலனாகும்.

இவ்வளவும் வாயிலைப் பற்றிய பேச்சு. வாயில் வரை வரவே இயலாதவரைப் பற்றி யார் பேசுவது? பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; அடுத்துச் சிவகாசியில் தொழிலிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளிகள் எழுந்தன. எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நம் வாசகர் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். குழந்தையை வேலைக்கு வைத்த உரிமையாளர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். இயலாதாயின் 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும். அந்த 25,000 ரூபாயின் வருவாய் பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு வா என்று அழைப்பது மட்டும் போதாது, அவள் கூலியால் எரிந்த அடுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உணர்ந்திருந்தது. தீர்ப்பு எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு கதை. அதன் எண்ணம் நேரானது.

மாதிரிப் பள்ளியில் இடம் கிடைத்த வெம்பக்கோட்டைப் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவள் விடுதிக்குப் போய்விட்டால் வீட்டில் ஓர் ஆள் குறையும். தம்பியைப் பார்ப்பவர் யார்? தாய் ஆலைக்குப் போவது நிற்குமானால் கூலியும் நிற்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளுக்குத் தடை விதித்ததை அடுத்து ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்ததை அம்மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய குடும்பம் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று மறுத்தால், விருப்பமில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த பெயரை அழைப்பது எளிது. அந்த மறுப்பு உண்மையில் மறுப்புத்தானா என்று கேட்கும் கடமை பள்ளிக்கு உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியோர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வின் உதவி ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அதுவும் ஒரு தேர்வு; அதற்கும் அதே ஈரம்.

தெரிந்தெடுக்கப்படாதவர் நிலையையும் சிறிது எண்ணுவோம். நாற்பது பேர் கொண்ட வகுப்பிலிருந்து முதல் இருவரை எடுத்துவிட்டால் மற்றவர்க்கு இழப்பு உண்டு. கணக்கில் ஐயம் கேட்க ஒரு தோழி இருந்தாள், இப்போது இல்லை. தலைமையாசிரியர்க்கும் தேர்ச்சிப் பட்டியலில் ஒளி குறையும். ஊரார் கேள்வி கேட்பர். நம்மவருள் ஆசிரியப் பணி செய்வோர் பலர். நல்ல மாணவியை அனுப்ப மனம் வராமல் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லாமலே இருந்துவிடும் சோதனை அவர்க்கு நேரும். அறிந்ததை ஒளித்தல் என்று முன்னே குறித்தோமே, அது இதுதான். அனுப்பிய பள்ளிக்கு ஈடாக ஓர் ஆசிரியரையோ நூலகத்தையோ அரசு தந்தால் அச்சோதனையின் கடுமை குறையும். மாதிரிப் பள்ளி தரும் பாடமும் பயிற்சியும் விடுமுறையில் சுற்றுப் பள்ளிகளுக்கும் செல்லுமானால், மாதிரி என்னும் பெயருக்கே அப்போதுதான் பொருள் உண்டாகும். பிறர் பார்த்துச் செய்வதற்குத்தானே மாதிரி?

விருதுநகர்க்கே உரிய ஒரு மரபு இங்கே நினைவுக்கு வருகிறது. நாடார் பெருமக்கள் மகமை நிதியாலும் வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியாலும் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அது திறந்திருந்தது. அரிசி கொடுத்த வீட்டார், தம் பிள்ளைக்கு மட்டும் என்று கேட்கவில்லை. காமராசர் அப்பள்ளியில்தான் படித்தார். விநாயகர் சதுர்த்தியன்று அங்கே பிள்ளைகளிடம் காசு வாங்கிப் பிரசாதம் வழங்கினார்களாம். மற்றவர் முண்டியடித்து மிகுதியாக வாங்கிவர, அவர் மட்டும் சிறிதே கொண்டுவந்தார். வீட்டில் கேட்டபோது, நானும் அதே காசுதான் கொடுத்தேன். சமமாகப் பங்கிட வேண்டியது வாத்தியாரின் பொறுப்பு அல்லவா என்னும் பொருள்பட விடை சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். பத்தாம் வகுப்பைக் காணாத அவர், முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். முண்டியடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பங்கு உண்டு என்பதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை போலும்.

முடிப்பதற்கு முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். 2014 ஜனவரியில் சமணர் நாடு முழுவதற்கும் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. ஆகவே நலிந்த பிரிவினர்க்கு நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு என்னும் விதி அப்பள்ளிகளுக்கு இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு இத்தீர்ப்பின்மீது ஐயம் தெரிவித்துப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியுள்ளது. விலக்கு நம் சமயத்தையும் மரபையும் காப்பதற்கென்று வந்தது, அக்காப்பு வேண்டுவதே. ஆனால் விலக்கு உண்டு என்பதால் வாயிலைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. சாத்திரதானத்தை நான்கு தானங்களுள் ஒன்றாகக் கொண்டவர்கள் நாம். நம் சமயத்தார் நடத்தும் பள்ளிகள், நீதிமன்றம் என்ன சொல்லப்போகிறது என்று காத்திராமல், சுற்றிலும் உள்ள கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், யாரை எவ்வகையில் தெரிந்தெடுப்பது என்று வரும் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே எழுதி வாயிலில் ஒட்டலாம். அப்படி ஒட்டிய பள்ளிகள் இருப்பின் எமக்கு எழுதுமாறு வேண்டுகிறோம். அடுத்த இதழில் அம்முறைகளை வெளியிடுவோம்.